பதினாலு வளைவுக்கு ஒரு கார்புரேட்டர்

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் பத்திரமாக இருந்தது. கடைத்தெருவில் அவர் பெயர் அரைச்சுத்து. பானெட்டுக்குள் தலையை விட்டு, கார்புரேட்டரின் காற்றுத் திருகில் ஸ்க்ரூடிரைவரை வைத்து, "இன்னும் அரைச்சுத்து... ஒரே ஒரு அரைச்சுத்து..." என்று முப்பது வருஷமாக முனகினால் வேறு என்ன பெயர் வரும்? வண்டிக்காரர்கள் பொறுமை இழந்து, "போதும்ணே, நல்லாத்தானே ஓடுது" என்பார்கள். "நல்லா ஓடுறது வேற, சரியா ஓடுறது வேற. போய் டீ குடிச்சிட்டு வா" என்பார். குடித்துவிட்டு வந்தால் வண்டி சரியாகத்தான் ஓடும். அதை அவருடைய எதிரிகள்கூட மறுக்கமாட்டார்கள். எதிரிகள் என்று பெரிதாக யாரும் கிடையாது, அவர் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போகிறவர்கள்தான் உண்டு.

அந்த வாய் அடங்குகிற இடம் வீடு. அங்கே நர்சம்மா ஆட்சி. அவர் மனைவியைத்தான் ஊரே அப்படிக் கூப்பிடும். அவரும் அப்படியேதான் கூப்பிடுவார். அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷ வேலை, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஆறுக்குத் திரும்புவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஏங்க, கை கழுவினீங்களா?" என்று குரல் வரும். அரைச்சுத்து கழுவியிருக்கமாட்டார். கிரீஸ் கையோடு செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். "இதோ" என்று எழுந்து போவார். ஒரே மகன் வேலைக்காக வெளியூர் போனபிறகு, அந்த வீட்டில் நாள் தவறாமல் நடந்த பேச்சு வார்த்தை இதுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் நர்சம்மாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மலைமேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு. இருபத்துமூன்று கிலோமீட்டர், பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். பஸ் காலை ஆறு மணிக்கு ஏறும், மதியம் மூன்று மணிக்கு இறங்கும். வேலை முடிவதோ ஐந்து மணிக்கு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே நர்ஸ்களுக்கு ஓர் அறை குவார்ட்டர்ஸ் உண்டு.

"இப்போதைக்கு டாக்டர் ஜீப்புல போய்ட்டு வர்றேன். அவருக்கும் ஒரு மாசத்துல மாத்தல் ஆயிடும். அதுக்கப்புறம் குவார்ட்டர்ஸ்ல தங்கிட்டு ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று நர்சம்மா சொன்னார். சொல்லிவிட்டுக் கணவர் முகத்தைப் பார்த்தார்.

'நீ இல்லாம என்னால முடியாது.' நாலே வார்த்தை. ஒரு மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். அதைச் சொல்லத் தெரியாமல் இந்த மனுஷன், "ஒரு மாசம் டைம் குடு, வண்டி ரெடி பண்ணித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த தன் பழைய காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

நர்சம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அந்தக் காரில்தான். மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அதில்தான். இப்போது எஞ்சின் தேய்ந்து, மேம்பாலம் ஏறவே முனகியது. மலை ஏற வேண்டுமென்றால் உடம்பில் தெம்பு வேண்டும். அரைச்சுத்து எஞ்சினை இறக்கிப் பிரித்து, மச்சினனின் லேத் பட்டறைக்கு எடுத்துப் போனார்.

மச்சினன், நர்சம்மாவின் தம்பி, இரும்பைத் தொட்டால் தலைமுடி கனத்துக்குக் கணக்குச் சொல்கிற ஆள். சிலிண்டர்களை ஒன்றரை மில்லி அகலமாகக் கடைந்தான், புது பிஸ்டன்களைப் பொருத்தினான், மேலே மூடுகிற ஹெட்டைக் கொஞ்சம் சீவி இறக்கினான். பழைய உடம்புக்குள் புது நெஞ்சு வந்தது. இனி அந்த எஞ்சினுக்கு முன்னைவிட அதிகக் காற்று வேண்டும், காற்றோடு பெட்ரோலும் வேண்டும். இரண்டையும் கலந்து ஊட்டுகிற வேலை கார்புரேட்டருடையது. எந்தக் கார்புரேட்டர் என்பதுதான் கேள்வி.

மேஜைமேல் இரண்டு இருந்தன. ஒன்று, வண்டியோடு பிறந்த பழையது. ஒற்றைத் தொண்டை, கட்டை விரல் இரண்டைச் சேர்த்து விட்டால் சிக்கிக்கொள்ளும். மற்றொன்றை அரைச்சுத்து இரும்பு அலமாரியிலிருந்து எடுத்து, மெல்லிய துணியைப் பிரித்து வைத்தார். பந்தயக் காரிலிருந்து கழற்றியது. இரண்டு தொண்டை, ஒவ்வொன்றிலும் முட்டை நுழையும். பதினெட்டு வருஷமாக அவரிடம் இருந்தது. வருஷத்துக்கு இரண்டு முறை வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி சுற்றி வைப்பார். அதற்குத் தகுந்த எஞ்சின் இதுவரை அவர் கைக்கு வரவில்லை.

மச்சினன் அதைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"மாமா, எங்கக்கா ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கேட்டா. பறக்கிறதுக்குக் கேக்கல."

"பசி பெரிசானா வாயும் பெரிசா வேணாமா மாப்ளே?"

"தொண்டை பெரிசானா காத்து சோம்பேறி ஆயிடும், பெட்ரோலைத் தூக்காதுன்னு ஊரெல்லாம் சொல்றது நீங்கதானே?"

"அது ட்யூன் பண்ணத் தெரியாதவனுக்குச் சொல்றது."

"சரிதான், ஊருக்குத்தான் உபதேசம்" என்று சொல்லிவிட்டு மச்சினன் பழைய கார்புரேட்டரைக் கையில் எடுத்துக்கொண்டான். "இது வேண்டாம்னா எனக்குக் குடுங்க. பட்டறைக் கதவு காத்துல அடிச்சுக்கிட்டே இருக்கு, அண்டக் குடுக்கலாம்."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. குறுகலான தொண்டையில் காற்று விசையாக ஓடும். அந்த விசையில்தான் பெட்ரோல் மேலே இழுபடும். தொண்டை அகலமானால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது காற்று தவழ்ந்து போகும், பெட்ரோல் 'எழுந்திருக்கட்டுமா வேண்டாமா' என்று யோசிக்கும். இது அரைச்சுத்துக்கு இருபது வயதிலேயே தெரியும். ஆனால் பதினெட்டு வருஷ ஆசை ஒன்று கண்ணுக்கு எதிரே பளபளத்துக்கொண்டு கிடக்கும்போது தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது. ஆனைக்கும் அடி சறுக்கும். அரைச்சுத்துக்கு மட்டும் சறுக்கக் கூடாதா?

பத்து நாள் ட்யூனிங். பெட்ரோலை அளந்துவிடுகிற பித்தளை ஜெட்டுகளை அவர் நர்சம்மா கொடுத்த மாத்திரை டப்பாவில் வைத்திருந்தார். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறை. செவ்வாய் அறையிலிருந்து ஒன்றை மாட்டி, புறவழிச் சாலையில் ஓட்டி, வண்டியை ஓரம் கட்டி, ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பார். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, பிஸ்கட் நிறமாக இருந்தால் சரி. பிஸ்கட் நிறம் வரும்வரை விடவில்லை. சாயங்காலம் ஜீப்பில் வந்து இறங்கும் நர்சம்மா, கை கழுவச் சொல்லிவிட்டு, மலையில் நடந்ததைச் சொல்வார். அரைச்சுத்து ஒரு ஜெட்டை விளக்குக்கு நேராகப் பிடித்து ஓட்டை வழியே பார்த்தபடி "ம்" என்பார். பாதி காதில் விழும், மீதி அந்த ஓட்டை வழியாகப் போய்விடும்.

கடைசி நாள் அவரே மலைமேல் ஓட்டிப் பார்த்தார். அப்பப்பா! ஒவ்வொரு வளைவிலும் உறுமிக்கொண்டு திரும்பியது. வயது ஐம்பத்தைந்து என்பதே மறந்துபோய், இறங்கி வந்து பானெட்டைத் தட்டிக்கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை வண்டியைத் துடைத்து நிறுத்திச் சாவியைக் கொடுத்தார். "கண்ணு பட்டுடப் போவுது" என்று நர்சம்மா சிரித்துக்கொண்டே ஏறிப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"எட்டு தடவை அணைஞ்சு போச்சு" என்றார். "எட்டாவது வளைவுல பின்னால உருண்டுச்சு. லாரிக்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுட்டான்."

"நான் போனப்ப ஒரு இடத்துலயும் அணையலையே?"

"உங்க காலுக்குத்தாங்க அது ஓடுது. என் காலுக்கு ஓடல."

"கால்ல என்ன இருக்கு? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

சொன்னது அவருக்கே சுருக்கென்றது. ஆனால் விட்ட வார்த்தையைத் திரும்ப உள்ளே இழுக்க எந்தக் கார்புரேட்டராலும் முடியாது. நர்சம்மா உள்ளே போய் முகம் கழுவினார், சமைத்தார், சாப்பாடு போட்டார். அன்றைக்குக் கை கழுவினீர்களா என்று கேட்கவில்லை. அரைச்சுத்து கிரீஸ் கையோடு உட்கார்ந்து, யாரும் கேட்காததால் தானே எழுந்துபோய்க் கழுவினார்.

செவ்வாய்க்கிழமை லீவு போடச் சொல்லி ஜெட்டை மாற்றினார். புதன்கிழமை மறுபடி ஓட்டிப் போனார் நர்சம்மா. பதினோராவது வளைவில் அணைந்த வண்டி, பிரேக் பிடிப்பதற்குள் வழுக்கி, பின் சக்கரம் ஓரத்து எல்லைக்கல்லில் போய் இடித்து நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, வெறும் காற்று. வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினார். வியாழக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் போனார். சாயங்காலம் காய்கறி லாரியில் முன்னால் ஒடுங்கி உட்கார்ந்து வந்தார்.

அரைச்சுத்து என்ன செய்தார்? அதே வியாழக்கிழமை தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு பதினாலு வளைவும் ஏறி இறங்கினார். ஓர் இடத்தில்கூட அணையவில்லை. நேராக லேத் பட்டறைக்கு வந்து, "வண்டில ஒரு குறையும் இல்ல மாப்ளே. ஓட்டுற ஆளுகிட்டதான் குறை" என்றார்.

மச்சினன் கடைசலை நிறுத்தவே இல்லை. "அப்ப ஆளை மாத்தப் போறீங்களா மாமா?" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் குளிர்ந்த தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் போனவர், அதன்மேல் கிடந்த தாளைப் பார்த்தார். வெளிர்ப் பச்சை நிறத்தில் கெட்டியான அரசாங்க அட்டைத்தாள். குவார்ட்டர்ஸ் விண்ணப்பம். நர்சம்மாவின் உருண்டை உருண்டையான எழுத்தில் எல்லாம் நிரப்பி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தது. திங்கட்கிழமை கடைசி நாள். ஒரு கேள்வி: 'குடும்பத்தினர் உடன் தங்குவார்களா?' அதற்கு எதிரே, 'இல்லை.'

அவர் தண்ணீர் எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்காத சாயங்காலங்களை நினைத்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, ஆறு. மறுபடி ஆறு. பயம்தான். பெரிய பெரிய எஞ்சினெல்லாம் திறந்த மனுஷனுக்கு, ஒரு தாளைப் பார்த்துப் பயம்.

சாயங்காலம் நர்சம்மா வந்ததும், "நாளைக்கு வண்டில போலாம். நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்கார்றேன்" என்றார்.

"பக்கத்துல உக்காந்து கத்துவீங்க."

"கத்தமாட்டேன்."

"வாயைத் திறந்தா அங்கேயே இறக்கி விட்டுடுவேன், நடந்துதான் வரணும்."

"சரி" என்றார். முப்பது வருஷத்தில் அவர் இவ்வளவு சுருக்கமாக ஒத்துக்கொண்டது கிடையாது. நர்சம்மாவே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. காலை ஏழரைக்குக் கிளம்பினார்கள். சமதளத்தில் வண்டி வெண்ணெயாக ஓடியது. முதல் இரண்டு வளைவும் அப்படியே. நல்ல கை, நல்ல கிளட்ச். குறை சொல்ல அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாவது வளைவில் ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நர்சம்மா வேகத்தை அடியோடு குறைத்து, ஏற்றத்திலேயே வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன் சிஸ்டர். தலை சுத்துது."

"வெறும் வயித்துல போட்டிருப்பே. சாப்பிட்டுட்டுப் போடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

அவள் கை இன்னும் ஜன்னலிலேயே இருந்தது. அது விலகும்வரை காத்திருந்து, நர்சம்மா பெடலை மெதுவாக அழுத்தினார். எஞ்சின் ஒரு முறை இருமியது, காற்றை விழுங்கியது, அணைந்தது. அரைச்சுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். நர்சம்மா திரும்ப ஸ்டார்ட் பண்ண, இரண்டாவது முயற்சியில் வண்டி நகர்ந்தது.

ஐந்தாவது வளைவில் கால் கட்டோடு ஒரு தாத்தா. ஏழாவதில் இரண்டு பெண்கள், ஒருத்திக்கு மாசம் எட்டு. எட்டாவதில், சாலையே செங்குத்தாக நிற்கிற இடத்தில், இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய். குழந்தைக்கு இழுப்பு. நர்சம்மா கை பிரேக்கை இழுத்துவிட்டு, ஜன்னல் வழியாகவே ஸ்டெதஸ்கோப்பைக் குழந்தையின் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் லாரி அலறியது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. முதுகுப் பக்கமும் வைத்துக் கேட்டார். அரைச்சுத்து அந்த முகத்தைப் பார்த்தார். தான் எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு ஐடிலிங் வைக்கும்போது காதைச் சாய்த்துக்கொண்டு எப்படி இருப்பாரோ, அப்படியே இருந்தது.

"பத்து மணி வரைக்கும் பாரு. குறையலைன்னா மேல தூக்கிட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டு நர்சம்மா பெடலைத் தொட்டார். வண்டி அணைந்தது. ஒரு முழம் பின்னால் உருண்டது. அந்தத் தாய் பதறி விலகினாள்.

அரைச்சுத்துக்கு உள்ளே எல்லாம் விளங்கிப்போனது. ஒற்றையடிப் பாதைகளெல்லாம் வளைவுகளில்தான் சாலையைத் தொடுகின்றன. வீட்டிலிருந்து இறங்கி வந்து அங்கே நின்றால், மலை ஏறாமலேயே நர்ஸைப் பார்க்கலாம். டாக்டரின் ஜீப்பில் போன நாளிலிருந்தே நர்சம்மா இதைப் பழக்கிவிட்டிருந்தார். சாயங்காலங்களில் இதைத்தான் சொல்லியிருப்பார். அந்த நேரத்தில் இவர் ஜெட்டின் ஓட்டை வழியாக விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் ஓட்டும்போது வண்டி எங்கேயும் நிற்கவில்லை. வளைவு வந்தால் இவர் கால் தானாகவே பெடலை ஒரு தட்டுத் தட்டி, எஞ்சினை உறுமலிலேயே வைத்துக்கொள்ளும். முப்பது வருஷப் பழக்கம், இவருக்கே தெரியாது. அவர் காலே அவருக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நர்சம்மாவோ ஏற்றத்தில், நின்ற இடத்திலிருந்து, ஜன்னலைப் பிடித்த கையை இழுத்துவிடாமல், ஒவ்வொரு முறையும் பூப்போல எடுக்க வேண்டும். அந்த அகலத் தொண்டைக்கு அது எப்படிப் புரியும்? பதினாலு வளைவில் பதினோரு இடத்தில் நின்றார்கள். ஏழு இடத்தில் அணைந்தது. அரைச்சுத்து வாயே திறக்கவில்லை.

நர்சம்மா வேலையாக இருந்தபோது, அவர் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போய்க் குவார்ட்டர்ஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவரில் துணி மாட்ட ஓர் ஆணி. சுத்தமாகத்தான் இருந்தது. குறையாகச் சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் குறை.

மதியம் இறங்கும்போது அவரே ஆரம்பித்தார். "இப்ப வாயைத் திறக்கலாமா?"

"திறங்க."

"உம்மேல தப்பு இல்ல. எம்மேலதான். நான் ஓடுறதுக்கு வண்டி கட்டிட்டேன். உனக்கு வேண்டியது நிக்கிற வண்டி. நின்னு நின்னு எடுக்கிற வண்டி."

"இதைத்தானே திங்கக்கிழமையே சொன்னேன்?"

"நீ காலுன்னு சொன்னே."

"எனக்குத் தெரிஞ்ச பாஷைல சொன்னேன். உங்க பாஷைல ஜெட்டு கிட்டுன்னு சொல்லத் தெரியல."

இரண்டு வளைவு கடந்தது. அரைச்சுத்து சாலையைப் பார்த்துக்கொண்டே, "அந்தத் தாள்ல குடும்பம் கூடத் தங்குமான்னு கேட்டதுக்கு இல்லைன்னு எழுதியிருக்கே" என்றார்.

"வேற என்ன எழுத? ஒர்க் ஷாப்பை விட்டுட்டு வந்துடுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

"நீ அங்க தங்கிட்டா எனக்குப் பயமா இருக்கு." சொல்லிவிட்டார். "வீட்டுக்குப் போய் என்ன பண்றது? யார் வருவான்னு உக்காந்திருக்கிறது?"

நர்சம்மா வண்டியை ஓரமாக நிறுத்தினார். யாரும் கை நீட்டவில்லை, அது வளைவும் இல்லை.

"இதை மாத்தல் வந்த அன்னிக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "கை கழுவச் சொல்ல ஆள் இருக்காதுன்னு பயமாக்கும்" என்றார்.

"அதுவும்தான்" என்றார் அரைச்சுத்து.

நேராக லேத் பட்டறைக்குப் போனார்கள். பழைய கார்புரேட்டர் நிஜமாகவே கதவுக்கு அண்டக் கொடுக்கப்பட்டுத் தரையில் கிடந்தது. அரைச்சுத்து குனிந்து அதை எடுத்து, சட்டையிலேயே தூசியைத் துடைத்தார். கதவு காற்றில் அறைந்து சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து மச்சினன் வந்தான். அக்கா முகத்தைப் பார்த்தான், மாமா கையைப் பார்த்தான். "என்ன மாமா, ஆடத் தெரியாதவ யாருன்னு கண்டுபிடிச்சாச்சா?" அக்காவும் தம்பியும் எல்லாம் பேசிக்கொள்வார்கள் என்பது அரைச்சுத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "கண்டுபிடிச்சாச்சு மாப்ளே. அவன்தான் உன் முன்னால கை நீட்டி நிக்கிறான், நீ போய் இது எஞ்சின்மேல உக்கார்றதுக்கு அடித்தட்டு ஒண்ணு கடைஞ்சு குடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பந்தயக் கார்புரேட்டரைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். இந்த முறை துடைக்கவில்லை. பழையதைப் பிரித்து, பெட்ரோலில் ஊறப் போட்டு, துவாரம் துவாரமாக ஊதினார். கடைந்து பெரிதான எஞ்சினுக்கு ஏற்ப ஒரு படி பெரிய ஜெட்டை மாட்டினார். பெடலைத் தொட்டதும் பெட்ரோலைப் பீய்ச்சுகிற சின்னப் பம்பின் கம்பியை அரை மில்லி வளைத்தார், பூப்போல அழுத்தினாலும் முதல் வாய்க்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. உட்கார வைக்கப் போகும்போதுதான் கவனித்தார். அடித்தட்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் வைக்கிற பேக்கிங் பொடிந்துபோயிருந்தது. அது இல்லாமல் வைத்தால் இடுக்கு வழியே காற்றுத் திருடும், எந்த ட்யூனிங்கும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேர் பார்ட்ஸ் கடையெல்லாம் பூட்டு.

"கெட்டித் தாள் ஏதாவது இருக்கா நர்சம்மா?" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "காலண்டர் அட்டை மாதிரி. ரொம்பத் தடியாவும் இருக்கக் கூடாது, நோட்டுத் தாளாவும் இருக்கக் கூடாது."

நர்சம்மா உள்ளே எதையெதையோ புரட்டுகிற சத்தம் கேட்டது. வந்தார். கையில் வெளிர்ப் பச்சைத் தாள்.

"இது கெட்டியாத்தான் இருக்கு."

அரைச்சுத்து வாங்கவில்லை. "நாளைக்குக் கடைசி நாள். வண்டி ஓடுமான்னு இன்னும் பாக்கவே இல்ல. எடுக்கலைன்னா என்ன பண்ணுவே?"

"ஏன், சரியா ஓடாதா?"

அவர் யோசித்தார். இந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்கிற பதில் நாக்கு நுனி வரை வந்தது. "ஓடும்" என்று மட்டும் சொன்னார்.

"அப்ப வெட்டுங்க."

தாளை அடித்தட்டின்மேல் விரித்து, சின்னச் சுத்தியலால் விளிம்புகளில் தட்டினார். தட்டத் தட்ட ஓரம் நறுக்கென்று அறுந்து, தட்டின் வடிவம் தாளில் வந்தது. நடுவில் தொண்டைக்கு ஒரு வட்டம், நாலு போல்ட்டுக்கு நாலு ஓட்டை. 'இல்லை' என்று எழுதியிருந்த துண்டு தரையில் விழுந்தது. பெருக்கும்போது அது குப்பையோடு போனது. பேக்கிங்கின் இரண்டு பக்கமும் விரலால் கிரீஸ் தடவினார்.

"சூட்டுல தாங்குமா?" என்று நர்சம்மா கேட்டார்.

"தாங்கும்" என்றார்.

மறுநாள் காலை அவர் கூடப் போகவில்லை. போகக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒர்க் ஷாப்பில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு வண்டிக்கு ஆயில் மாற்றிவிட்டு, வடிகால் போல்ட்டை முடுக்கினோமா என்று நாலு தடவை குனிந்து பார்த்தார். ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் எதையோ தேடுகிறவர்போல நின்றார். ஆறு மணி ஆயிற்று. ஆறே கால் ஆயிற்று. தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. அவருக்குத் தெரியாத சத்தமா அது! சீராக, அவசரமில்லாமல் வந்தது.

நர்சம்மா இறங்கினார். களைத்திருந்தார். "பன்னெண்டு இடத்துல நின்னேன்" என்றார். "ஒரு தடவைகூட அணையல."

அரைச்சுத்து பானெட்டைத் திறந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காதைச் சாய்த்துக் கேட்டார். கை தானாகச் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தது. "ஐடிலிங் கொஞ்சம் தூக்கலா இருக்கு. ஒரே ஒரு அரைச்சுத்து..."

"தொடாதீங்க."

கை நின்றது. ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு பானெட்டை மூடினார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். நர்சம்மா வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

"அந்த எட்டாவது வளைவுக் குழந்தை" என்றார் அரைச்சுத்து. "இழுப்பு இப்ப எப்படி இருக்கு?"

நர்சம்மாவின் கை செருப்பு வாரிலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து அவரைப் பார்த்தார். நர்சம்மாவின் இருபத்தாறு வருஷ வேலையில் அரைச்சுத்து இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"தேவலை. நெஞ்சுல சத்தம் குறைஞ்சிருக்கு. இன்னிக்கு என்னைப் பாத்துச் சிரிச்சுது." பிறகு மற்றச் செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். "ஏங்க, கை கழுவினீங்களா?"

கழுவியிருக்கவில்லை.